அர்த்தம் எழுதாத சொல்

மரியபுஷ்பம் டீச்சர் ஒரு நாளைக்கு ஒரு சொல்தான் சொல்லிக்கொடுப்பார். அதற்கு மேல் கேட்டால், "இதைக் கொண்டுபோய் ஒரு நாள் வச்சிருங்க. நாளைக்கு வாங்க" என்பார்.

பாடம் நடக்கிற இடம் மலை அடிவாரத்தில் ஒரு பழைய தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் ஏலக்காய் காயவைத்த இடம். இப்போது காய் இல்லை, வாசம் மட்டும் இருக்கிறது. மழை பெய்தால் சுவருக்குள்ளிருந்து கிளம்பி வரும்.

டீச்சருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கான்வென்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், அதை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் படிக்க வருகிறவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே அவரைவிட மூத்தவர்கள்.

பாண்டியம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். புதுசு புதுசாக வரும் ஜாக்கெட் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். ராசாமணி முப்பது வருசம் மலை பஸ்ஸில் கண்டக்டர். வெள்ளைக்காரர்கள் ஏறி என்னென்னவோ கேட்பார்களாம், விசிலை மட்டும் ஊதிவிட்டுப் போய்விடுவாராம். அந்தக் குறை தீர வந்தவர். மூன்றாவது ஆள் சுருளிவேல். கடைத்தெருவில் ஏலக்காய்க் கடை முதலாளி, வயது ஐம்பத்தெட்டு. எதற்காக வருகிறார் என்று அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது "வந்துட்டேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். டீச்சர் அவரவர் பேரைச் சொல்லி "வாங்க" என்பார். அந்த "வாங்க" கேட்ட பிறகுதான் பாயில் உட்காரலாம். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. டம்ளர்களில் அவரவர் பேர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் கொடுத்து டீச்சரே வெட்டி வாங்கியது.

ஒரு நாள் காலையில் சுருளிவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதில் ஒரு சொல்லைப் பார்த்து எழுதியிருந்தார்.

"இது என்ன டீச்சர்?"

டீச்சர் வாங்கிப் பார்த்தார். "வைட்."

"ஒயிட்டா?" என்றாள் பாண்டியம்மா. "அது எனக்கே தெரியுமே. வெள்ளை. இதுக்குப் போயி அண்ணன் சீட்டு எழுதிட்டு வந்திருக்காரு."

"சத்தம் அப்படித்தான் இருக்கும். ஆனா அது வேற, இது வேற. எங்க பாத்தீங்கண்ணே?"

"ஒரு புத்தகத்துல. காலேஜ்ல வைக்கிற பாட்டுப் புத்தகம். எல்லாச் சொல்லுக்கும் பக்கத்துல பென்சில்ல அர்த்தம் எழுதியிருக்கு. இதுக்கு மட்டும் அடியில கோடு போட்டிருக்கு. அர்த்தம் எழுதல."

"புத்தகம் யாருது?"

சுருளிவேல் சீட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார்.

"ஆள் இல்ல."

பாண்டியம்மா சேலையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். ராசாமணி தகரத்தைப் பார்த்தார்.

அந்தப் புத்தகம் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

சுருளிவேலுக்கு ஒரே மகள், யோகேஸ்வரி. ரெண்டு வருசத்துக்கு முன்னால் வேறு ஆளுகள் வீட்டுப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தை வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் யோகேஸ்வரி பட்டம் வாங்கிய போட்டோ. இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. மறைவு என்று போட்டிருந்தது அவள் கல்யாணத் தேதி. சுருளிவேல் மொட்டை போட்டார். பதினாறாம் நாள் காரியமும் செய்தார். பந்தியில் இருநூறு பேர் சாப்பிட்டார்கள்.

யோகேஸ்வரி எங்கேயும் போய்விடவில்லை. அதே ஊரில்தான் குடியிருந்தாள், பால்வாடியில் டீச்சர் வேலை பார்த்தாள். தினமும் காலை எட்டரைக்குச் சுருளிவேல் கடையைத் தாண்டித்தான் நடந்துபோவாள். அந்த நேரம் வந்தால் கடையில் காய் பொறுக்கும் பொம்பளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சொந்தக்காரர்கள் எதிரே வந்தால் அவளைத் தாண்டி எதையோ பார்ப்பார்கள். சுருளிவேல் கல்லாவில் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்ப்பார். அவள் அந்தப் பார்வைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போவாள். அவர் கண் அசையாது.

டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் அந்தச் சொல்லை எழுதினார்: wight.

"ரொம்பப் பழசுண்ணே. ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும். அப்ப அந்த ஊர்க்காரங்க வாயில இது 'விஹ்ட்'னு இருந்துச்சு. உசுருள்ள எதுவா இருந்தாலும் விஹ்ட்தான். மனுசன், மாடு, எறும்பு. கண்ணுக்குத் தெரியாம காட்டுல கிடக்குன்னு அவங்க நம்புன ஜீவனையும் சேத்துத்தான் சொன்னாங்க."

"பேயைக்கூடவா?" என்றார் ராசாமணி.

"எல்லாத்தையும். அப்புறம் ஆளைச் சொல்றதுக்குன்னே புழங்க ஆரம்பிச்சாங்க. சும்மா ஆள்னு இல்ல. பாவம் இந்த மனுசன்னு நாம சொல்லுவோம்ல, அப்படி. பாட்டு எழுதுறவங்க ரொம்பப் பிரியமா எழுதுனாங்க. அப்புறம் ஜனங்க பேச்சுல இருந்து அது போயிருச்சு. பாட்டுல மட்டும் நின்னுச்சு."

"இப்ப?"

"இப்பக் கதை எழுதுறவங்க எடுத்து வச்சிருக்காங்க. செத்தும் கல்லறையில படுக்காம எந்திரிச்சு நடக்குமே, அதுக்கு இந்தப் பேரு."

சுருளிவேல் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார்.

"உசுரோட இருக்கிற ஆளுக்கு வச்ச பேரு, செத்து நடக்கிறதுக்கு எப்படி டீச்சர் போச்சு?"

"உங்க வீட்ல எத்தன பேருண்ணே?"

"நானும் எம் பொண்டாட்டியும்."

"புள்ளைக?"

"இல்ல."

டீச்சர் பலகையை அழித்தார். "நீங்க கேட்டதுக்கு நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் சுருளிவேல் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார்.

"வந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் அடுப்பில் சுக்குத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். சுருளிவேல் நின்ற இடத்தைத்தான் பார்த்தார். ஆனால் பார்வை அவர் மேல் நிற்கவில்லை. பின்னால் இருந்த மலையில் போய் நின்றது. பிறகு குனிந்து அடுப்பை ஊதினார்.

"வந்துட்டேன் டீச்சர்," என்றார் சுருளிவேல் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

பாண்டியம்மா வந்தாள். "வந்துட்டேன் டீச்சர்."

"வாங்க பாண்டியம்மா."

ராசாமணி வந்தார்.

"வாங்க ராசாமணி அண்ணே. உக்காருங்க. எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிப்போம்."

சுருளிவேல் சிரித்தார். "என்ன டீச்சர், என் மேல கோவமா?"

யாரும் திரும்பவில்லை. வாங்க சொல்லாமல் உட்காரக் கூடாது. ஆனாலும் போய் அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே பாண்டியம்மா தன் துணி மூட்டையை அவர் மடிமேலேயே வைத்தாள். பாயில் வைப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. அவர் பதறி நகர்ந்தார். மூட்டை பாயில் விழுந்தது. பாண்டியம்மா அதைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

"ஏ பாண்டியம்மா, என்ன விளையாட்டு இது?"

அவள் காதில் விழுந்த அடையாளமே இல்லை. ஒரு முடிகூட அசையவில்லை.

டம்ளர்கள் மூன்று வந்தன. டீச்சருக்கு ஒன்று, பாண்டியம்மாவுக்கு ஒன்று, ராசாமணிக்கு ஒன்று. சுருளிவேல் கோபத்தில் ராசாமணியின் டம்ளரைப் பிடுங்கினார். ராசாமணியின் கை காற்றில் அப்படியே நின்றது. தன் கையைப் பார்த்தார். பாயைத் தடவினார்.

"டம்ளர இங்கதான வச்சேன்? வயசாயிருச்சு டீச்சர்."

"வேற எடுத்துக்கோங்கண்ணே."

அன்றைக்கு என்ன சொல் நடந்தது என்று சுருளிவேலுக்குக் காதில் ஏறவில்லை. ஒரு தடவை பலமாக இருமினார். டீச்சர் பேச்சை நிறுத்திச் சுற்றிப் பார்த்தார்.

"காத்து அடிக்குது. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

கதவு ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது.

கடைக்குப் போனபோது அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர்கள் எப்போதுமே நிமிர மாட்டார்கள், வேலை அப்படி. ஆனாலும் "ஏய்!" என்று கத்தினார். ஒருத்தி பயந்துபோய், "என்ன மொதலாளி?" என்றாள். அவருக்கு மூச்சு வந்தது. "ஒன்னுமில்ல, வேலையைப் பாரு" என்றார்.

எட்டரைக்கு வழக்கம்போல் அந்த நிழல் கடையைத் தாண்டிப் போனது. அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் பாதி வெளிச்சம். முன் அறைச் சுவரில் யோகேஸ்வரியின் போட்டோ, அதற்கு ஒரு சந்தன மாலை. சுருளிவேல் சட்டையைக் கழற்றிக்கொண்டே திரும்பினார். போட்டோவுக்குள்ளிருந்து வேறொரு முகம் அவரைப் பார்த்தது. வெள்ளை மீசை வைத்த முகம். மாலை அதன் கழுத்தில் கிடந்தது.

கண்ணாடியில் விழுந்த தன் முகம்தான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது. விலகினார். அதுவும் விலகியது. ஆனால் மாலை மட்டும் அங்கேயே இருந்தது.

"காமுத்தாயி!"

பதில் இல்லை.

"ஏ காமுத்தாயி!"

அடுப்படியில் குக்கர் சத்தம். அது அடங்கிய பிறகு அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "கூப்பிட்டீகளா?"

"என்னையத் தெரியுதா?"

காமுத்தாய் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் பார்வை ஒரு தடவை போட்டோவுக்குப் போய் வந்தது.

"அவளும் இப்படித்தான் கேட்டா."

அந்த வீட்டில் ரெண்டு வருசமாக யாரும் "அவ" என்று சொன்னதில்லை.

"எப்ப?"

"போன தையில. சந்தையில. பக்கத்துல வந்து நின்னு, அம்மா, என்னையத் தெரியுதான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வெண்டைக்காய் பொறுக்கிட்டு இருந்தேன். பொறுக்கிட்டே இருந்தேன்."

அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவர் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாமலிருக்க முடியவில்லை. இன்றைக்கு டீச்சர் சிரித்துவிடுவார், வாங்க சுருளிவேல் அண்ணே என்று சொல்லிவிடுவார், விசயம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

"வந்துட்டேன் டீச்சர்."

காப்பி கொதிக்கிற சத்தம் மட்டும்.

உள்ளே அவருடைய பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தது. டம்ளர் அலம்பும் இடத்தில் ராசாமணி ஒரு டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுல சுருளிவேல்னு வெட்டியிருக்கு. யாரு இது?"

டீச்சர் யோசித்தார். உண்மையாகவே யோசிக்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"யாரும் இல்லண்ணே. பழைய டம்ளரா இருக்கும்."

"நல்ல கனமான டம்ளரு. எடுத்துட்டுப் போயிரட்டா?" என்றாள் பாண்டியம்மா.

"எடுத்துக்கோங்க."

பாண்டியம்மா அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பையின் வாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினாள். சுருளிவேல் தன் பேர் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே குனிந்து பார்த்தார். காலடியில் நிழல் இல்லை. வெளியே மேகம் மூடியிருந்தது, யாருக்குமே நிழல் இல்லை. அது தெரிந்தும் அவர் ஒரு காலைத் தூக்கிக் கீழே பார்த்தார்.

டீச்சர் பாடத்தை ஆரம்பித்தார்.

"இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுதான். இல்லைங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"நோ," என்றாள் பாண்டியம்மா.

"நாட்," என்றார் ராசாமணி. "நாட் அலவுட். பஸ்ஸுல எழுதியிருக்கும்."

"அந்த நாட்தான். அது பொறந்தப்ப இவ்வளவு சின்னது இல்ல. அன்னிக்கு ஒரு சொல்லு பாத்தோம், வைட்டு. ஒன்னுமே இல்லைன்னு சொல்லணும்னா, 'ஒரு வைட்டும் கிடையாது'ன்னு ஒரே மூச்சுல சொல்லுவாங்க. ஒரு ஜீவன்கூட இல்லைன்னு. அதை எல்லாரும் சொல்லிச் சொல்லி, வாயில தேஞ்சு தேஞ்சு, தலை போயி, வாலு போயி, நாட்னு நின்னுச்சு."

"அப்ப அந்த வைட்டு?"

"உள்ள போயிருச்சு."

"போயிருச்சுன்னா? இல்லாம போயிருச்சா?"

"இருக்கு. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

பாண்டியம்மா விரலால் பாயில் எதையோ வரைந்தாள். "அப்ப அவுக இல்ல இல்லன்னு சொல்றப்பெல்லாம், அதுக்குள்ள ஒரு ஆளு கிடக்கு."

"ஆமா."

"மூச்சு முட்டாதா டீச்சர்?" என்றார் ராசாமணி.

டீச்சர் பலகைக்குத் திரும்பினார்.

"நான் இருக்கேன்!" என்று கத்தினார் சுருளிவேல். தகரம் அதிர்ந்தது. "ஏம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்! இருக்கேன்!"

மூன்று பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசாமணியின் கையில் இருந்த காப்பியில் ஒரு சின்ன அலை எழுந்து அடங்கியது. அதை அவரும் பார்த்தார். பிறகு குடித்தார்.

சுருளிவேல் செருப்புப் போடாமல் நடந்தார். கடைத்தெருவுக்கு வந்தபோது எட்டரை. கடைக்குள் ஏறவில்லை. ரோட்டின் நடுவில் நின்றார்.

அந்த முனையிலிருந்து யோகேஸ்வரி வந்தாள்.

ரெண்டு வருசத்தில் அவர் முதல் தடவையாகப் பார்த்தார். இளைத்திருந்தாள். பச்சைச் சேலை. தோளில் ஒரு குழந்தை. குழந்தை பிறந்தது அவருக்குத் தெரியும், காதில் விழுந்திருந்தது. பத்து மாதமாக அது தினமும் அவர் கண்ணெதிரேதான் போய்க்கொண்டிருந்தது. அது ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவள் பக்கத்தில் வந்தாள். அவர் கையை நீட்டவில்லை, பேசவில்லை. நின்றார், அவ்வளவுதான். பார்ப்பாள் என்று நினைத்தார்.

அவள் பார்வை வந்தது. அவர் முகத்துக்கு வந்தது. நிற்காமல் பின்னால் போனது. ரோட்டில் கரண்ட் கம்பம் இருந்தால் எப்படி விலகுவோமோ அப்படி ஒரு அடி விலகி அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவர் கற்றுக்கொடுத்த பார்வை. கொஞ்சமும் பிசகவில்லை.

கடையில் எல்லோரும் குனிந்திருந்தார்கள்.

அவள் தாண்டிப் போன பிறகுதான் தோளுக்குப் பின்பக்கம் குழந்தையின் முகம் தெரிந்தது. அது அவரைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. வாயெல்லாம் பிஸ்கட். கையில் பாதி கடித்து ஊறிப்போன துண்டு. சிரித்தது. பிறகு அந்தத் துண்டை அவரிடம் நீட்டி, "ந்தா" என்றது.

அதற்கு யாரும் இன்னும் அந்தப் பார்வையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் கையை நீட்டுவதற்குள் அவர்கள் திருப்பத்தில் திரும்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் சுருளிவேல் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புத்தகம். செருப்பு மூன்றாம் நாள் கழற்றிய இடத்திலேயே கிடந்தது, மழையில் நனைந்திருந்தது. உள்ளே மூன்று பேரும் இருந்தார்கள். பாடத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை.

"வந்துட்டேன்," என்றார் கடைசியில். சத்தம் பாதிதான் வந்தது.

"வாங்க, சுருளிவேல் அண்ணே."

தன் பேரைக் கேட்டதும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பாண்டியம்மா எழுந்து பாயை விரித்தாள். பையின் கயிற்றை அவிழ்த்து டம்ளரை எடுத்து, முந்தானையில் துடைத்து, காப்பி ஊற்றி வைத்தாள். வெட்டிய பேர் அவர் பக்கம் தெரியும்படி திருப்பியும் வைத்தாள்.

"எப்படிம்மா உங்களால முடிஞ்சுச்சு?" என்றார். "கண்ணுகூட இமைக்கலையே. டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"டீச்சர் ஒன்னுமே சொல்லலண்ணே. உங்க பேரைச் சொல்லாம விட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்புறம் எப்படி?"

பாண்டியம்மா ராசாமணியைப் பார்த்தாள். ராசாமணி கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பழக்கந்தான். இந்த ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு வருசப் பழக்கம்."

சுருளிவேல் காப்பியைத் தொடவில்லை. புத்தகத்தைப் பிரித்து டீச்சர் முன்னால் வைத்தார். பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து, சின்னச் சின்னதாக, ஒழுங்காக. நடுவில் ஒரு சொல்லுக்கு அடியில் மட்டும் கோடு.

"யாரு புத்தகம்ணே?" என்றார் டீச்சர்.

"எம் மகளது."

தகரத்தின் மேல் ஏதோ பறவை நடந்தது.

"யோகேஸ்வரி. எம் மக." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் எரிச்சேன் டீச்சர். துணி, சர்ட்டிபிகேட்டு, கொலுசுப் பெட்டி. இதுமட்டும் எப்படியோ கட்டிலுக்கடியில கிடந்துச்சு. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் அர்த்தம் எழுதாம விட்டா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? அவங்கதான் இருக்காங்களே. கேளுங்க."

"எப்படிக் கேப்பேன்? நேத்து ரோட்டுல போயி நின்னேன். நடுவுல நின்னேன். என்னையப் பாத்துட்டே பாக்காமப் போயிட்டா. அவளுக்கும் நான் இல்ல."

டீச்சர் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க வீடு எங்கண்ணே?"

"மேலத்தெரு. ரைஸ் மில்லுக்குப் பின்னால."

"பால்வாடி?"

"மில்லுக்கு அந்தப் பக்கம், வாய்க்கா கரையில..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார்.

"வாய்க்கா கரையில நடந்தா ரெண்டு நிமிசம்," என்றார் டீச்சர். "நிழலா இருக்கும். எல்லாரும் அப்படித்தான் போவாங்க. உங்க கடைத்தெருவைச் சுத்திக்கிட்டுப் போனா கால் மணி நேரம். வெயிலு வேற."

சுருளிவேல் புத்தகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் இருந்த குழந்தையோடு ஒருத்தி, பிறகு தோளில் இருந்த குழந்தையோடு, மழையில், வெயிலில், அவர் கண் முன்னால் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

"மணி என்ன டீச்சர்?" என்றார்.

"எட்டேகால்."